முதல் கையின் மண்

காவிரியில் கட்டிய புது அணையின் தண்ணீர் ஏறிவந்து பண்ணைவீட்டை மூழ்கடிப்பதற்குள் தொட்டையன் குடும்பம் கிளம்பியாக வேண்டும். அங்கே வாழவந்த ஒவ்வொரு மருமகளும் பூசையறைச் சுவரில் புதுச் சுண்ணாம்பு பூசி, ஈரத்தில் வலது கையைப் பதிப்பாள். முதல் மருமகளின் கை பட்ட மண் இல்லாமல் புதுவீடு விளங்காது என்று தொட்டையன் சுவரைச் சுரண்டினான்.

மேலாக அவன் மனைவி சித்தம்மாவின் கை, ஐந்து விரலோடு. அதற்கடியில் ஐந்து தலைமுறை.

"வெரசாப் பண்ணுங்க, மாடு நிக்கமாட்டேங்குது" என்றாள் சித்தம்மா, அலுப்பாக.

"உன் மாமியாளுங்க ஒருத்தியும் லேசுல வரலையே, புள்ள."

எல்லாவற்றுக்கும் அடியில், முதல் மருமகளின் கை வெறும் மண்ணில் இருந்தது. சுண்டுவிரல் இல்லை. போன வருஷம் கரும்பாலையில் சித்தம்மா இழந்ததும் அந்த விரலைத்தான்.

அவள் தன் கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. எடுத்தபோது உள்ளங்கையில் ஈரமண் ஒட்டியிருந்தது.

"இந்த மண்ணு போதுமுங்களா?" என்று கையை நீட்டினாள்.