பீரோ சாவி

வீட்டுக்கார அண்ணி பீரோவைப் பூட்டி, கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். இவள் அறைக்குள் கால் வைக்கிற நேரம் பார்த்துத்தான் தினமும் அந்தப் பூட்டு விழும்.

"நம்மளப் பாத்தா திருட்டுப் பசங்க மாதிரியா இருக்கு?" என்று கணவனிடம் பொருமினாள் இவள்.

கடல் தாண்டித் தொண்டு செய்ய வந்த தம்பதி, பெட்டியிலிருந்தே துணி எடுத்து உடுத்திக்கொண்டிருந்தார்கள். பயிற்சிக் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்த வீட்டில்தான் தங்க வேண்டும். அவர்களுக்குக் கொடுத்த அறையில் இருந்த ஒரே பீரோ அதுதான்.

"விடு. அவங்க வீடு, அவங்க பீரோ," என்றான் கணவன். தண்ணீர்க் குழாய் வேலைக்கு வந்தவன். யாரோடும் ஒட்டிக்கொள்வான்.

விடத்தான் முடியவில்லை. பயிற்சி முடிகிற அன்று இவள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அதோடு, தங்கிய வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்பார்கள். 'இந்தப் பொண்ணு சரிப்படாது' என்று அண்ணி உதட்டைப் பிதுக்கிவிட்டால் அடுத்த விமானம்தான். இருந்த வேலையை உதறிவிட்டு, வேண்டாம் என்ற அப்பாவிடம் சவால் விட்டு வந்தவள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு திரும்புவாள்?

வீட்டுக்கார அண்ணன் லாரி மெக்கானிக். வாய் நிறையப் பேசுவார். வந்த அன்றே, "வாங்க டீச்சர், உக்காருங்க டீச்சர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சமையலறையில் ஒரு தட்டு நங்கென்று விழுந்தது. அன்றிலிருந்து அவர் 'டீச்சர்' என்று வாயெடுக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து ஏதாவது ஒரு பாத்திரம் பதில் சொன்னது.

"பொறாமைதான்," என்று கண்ணடித்தான் கணவன். "அண்ணன் உன்னை ரொம்பத்தான் தாங்குறாரு."

"அவருக்கு எங்கப்பா வயசு. அறிவிருக்கா உனக்கு?"

வேளாவேளைக்குச் சாப்பாடு வந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முகம்தான் இல்லை. "சாப்பிடுங்க", "வெந்நீர் இருக்கு", "லைட்டை அணைச்சிருங்க" என்பதற்கு மேல் அண்ணியின் வாயிலிருந்து ஒரு சொல் கிளம்பாது. வாசலில் விளையாடும் பிள்ளைகளைக் கண்டால் உள்ளே போய்விடுவாள். பிள்ளைகளைப் பிடிக்காதவள் என்று இவள் முடிவு கட்டியிருந்தாள்.

அண்ணன் ஒரு பழைய லாரிப் பலகைக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்துச் சுவரில் சாய்த்துக் கொடுத்தார். சாயங்காலம் இவள் அதில் எழுதிப் பழகினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பல் கூசும்படி கீச் கீச்சென்று சத்தம். துவைத்துக்கொண்டிருந்த அண்ணி ஈரக் கையோடு விடுவிடுவென்று வந்தாள். இவள் விரலிலிருந்த சாக்பீஸைப் பிடுங்கி, பட்டென்று இரண்டாக ஒடித்து, ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

இவளுக்கு அழுகை முட்டியது. எழுதக்கூடவா விடமாட்டாள்? ஆத்திரத்தில் அந்தத் துண்டை வைத்தே பலகை முழுக்க எழுதித் தள்ளினாள். பலகை சத்தமே போடவில்லை. அதைக் கவனிக்கிற நிலையிலா இருந்தாள்?

கடைசி நாள் வந்தது. பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கலகலப்பாகப் பதில் சொன்னார்கள். பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த பயிற்சியாளர் வெளியே வந்து கை கொடுத்தார்.

"நாளையிலிருந்து வகுப்பு உங்களது. தங்கியிருக்கிற வீட்டுலயும் கேட்டோம். 'பொறுமை இருக்கு, பிள்ளைங்களை அடிக்க மாட்டாங்க, தாராளமா விடலாம்'னு அந்தம்மா சொன்னாங்க."

"அண்ணியா சொன்னாங்க?"

"அவங்கதான்."

வெட்கமும் சந்தோஷமுமாக வீட்டுக்கு ஓடினாள் இவள். அண்ணியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அறைக்குள் நுழைந்தாள்.

பீரோ திறந்து கிடந்தது. தட்டுகளில் துணிமணியும் இல்லை, நகையும் இல்லை. கையால் வெட்டி ஒட்டிய எண் அட்டைகள், ஒரு கைமணி, பிள்ளைகள் கிறுக்கிக் கொடுத்த படங்கள், ஒரு டப்பா நிறைய ஒடித்து வைத்த சாக்பீஸ் துண்டுகள். அண்ணி எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க, டீச்சர்," என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து இவள் கேட்பது இதுதான் முதல் தடவை. "ஜன்னலோரம் உக்கார்றவன் கணக்குன்னதும் வயித்து வலிம்பான். வீட்டுக்கு அனுப்பிராதீங்க. அவன் வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க."

இவள் பையையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தாள். "அந்தப் பள்ளிக்கூடத்துல நீங்க டீச்சரா அண்ணி? ஒரு வார்த்தை சொல்லலையே. அங்க ஆள் பத்தலைன்னுதானே என்னை அனுப்பினாங்க."

"ஆமா. பிள்ளைங்க ஜாஸ்தி, எனக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்னு கேட்டது நான்தான். தங்க எங்க வீட்டுலயே இடம் தர்றேன்னு சொன்னதும் நான்தான்."

"பிறகு ஏன் வேலையை விட்டீங்க?"

அண்ணி காலித் தட்டைத் துணியால் துடைத்தாள். பீரோ சாவியை எடுத்து இவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"சம்பளமில்லாம ஆள் கிடைச்சாச்சுன்னு என்னை நிறுத்திட்டாங்க."