மாலை மிஸ்டு கால்

சர்வே வேலைக்காகப் பாலைவனத்துக்குப் போன பெபினின் கம்பெனி சாட்டிலைட் போனிலிருந்து தினமும் மாலையில் ஒரு மிஸ்டு கால் வரும். பத்திரமாக இருக்கிறான் என்று மனைவி ஷாஜினிக்கு அர்த்தம்.

நகரத்தில், அல் குசைஸ் பகுதி வீட்டில் அன்றும் ஒரு ரிங் அடித்து நின்றது. சற்று நேரத்தில் சூப்பர்வைசர் அழைத்தார்.

"பெபின் நேத்தே கேம்புக்குத் திரும்பியிருக்கணும்மா. தேட ஆள் அனுப்பப் போறோம்."

"பயப்படாதீங்க சார், இப்பதான் மிஸ்டு கால் வந்துச்சு. மெதுவா வரட்டும்."

"அப்ப சரி, ஆளுங்களை நிறுத்திடறேன்."

காலிங்பெல் அடித்தது. பக்கத்து ரூம் ஆல்டோ, கையில் ஒரு சாட்டிலைட் போனோடு நின்றான்.

"அக்கா, அண்ணன் வந்தாச்சா? தொலைஞ்சா சம்பளத்துல பிடிச்சிருவாவன்னு இத எங்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. நீங்க பயப்படாம இருக்க, தினமும் ஒரு ரிங் விடச் சொன்னாரு. இப்பவும் நம்ம பில்டிங் மொட்டைமாடியில நின்னு விட்டுட்டுத்தான் வாறேன்."