ஆயிரத்திலிருந்து

சாத்தாங்காட்டு இரும்புக்கடை சௌக்கத் அலிக்கு கார்குழலி ஒரு வெப்சைட் செய்து இலவச சர்வரில் ஏற்றினாள். நிறையப் பேர் வந்துபோவதாகத் தெரியட்டும் என்று, வழக்கம்போல் பார்வையாளர் எண்ணிக்கையை ஆயிரத்திலிருந்து தொடங்கிவைத்தாள். ஒவ்வொருவர் பார்க்கும்போதும் அது ஒன்று குறைந்தது. அந்த எண்ணை எடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி ஏற்றினாள், எண் அப்படியே இருந்தது. வேறு சர்வருக்கு மாற்றினாள். விட்ட இடத்திலிருந்து குறைந்தது.

"யாருக்கும் காட்டாதீங்க பாய்."

"இன்னாம்மா பேஜாரு பண்ற? ஊரே பாத்துகினு கீது!"

இன்று காலை அவரே, அவள் வேலை பார்க்கும் ராயபுரம் பிரவுசிங் சென்டருக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுதான் பாக்கி கீது. உனக்குன்னு வெச்சேன்."

அவள் தடுப்பதற்குள் மவுஸை அழுத்திவிட்டார். பக்கம் மேலிருந்து மெதுவாக இறங்கியது. கடையின் பெயர் வந்தது, பிறகு கம்பிக்கட்டுகள், பிறகு எடைமேடை. எண் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும். கார்குழலி கண்களை மூடிக்கொண்டாள்.

"வந்துகினு கீது," என்றார் பாய்.