எபினேசரின் காது

“இருநூத்தி மூணு மணி நேரம் ஓடியிருக்கு அண்ணாச்சி. நடுவுல ஒரு நிமிசம்கூட அணைக்கல,” என்றான் பிரின்ஸ்.

“கரண்டு போகலையா?”

“போச்சு. இன்வெர்ட்டர் பூரா இதுக்குத்தான். எங்களுக்கு ஃபேன் கிடையாது.”

வந்தவர் சிரிக்கவில்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் செல்போனோடு நின்ற அபிஷா இடுக்கு வழியாக அவர் முகத்தையே பார்த்தாள்.

மேசையில் இருந்தது அவருடைய டேக் (DAC). கம்ப்யூட்டரில் வெறும் எண்களாக இருக்கும் பாட்டை ஒலியாக மாற்றித் தருகிற பெட்டி. உள்ளே, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் இரண்டு கண்ணாடி வால்வுகள். அவற்றையும் கப்பாசிட்டர்களையும் மாற்றி, ஒலியை இன்னும் நன்றாக்கித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். புதிதாகப் போட்டவை இருநூறு மணி நேரம் ஓடினால்தான் பக்குவப்படும் என்பது இந்த ஆட்களின் நம்பிக்கை.

மாற்றியவள் அபிஷா. பி.எஸ்ஸி. இயற்பியல். ஆனால் வால்வுப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளுக்குப் பெயர் ‘சங்கரன்கோவில் பிரின்ஸ்’. செல்போன் கடையில் கவர் விற்கிற அண்ணனின் பெயர். முதலில் தன் பெயரில்தான் தொடங்கினாள். செய்வது பெண்பிள்ளை என்று தெரிந்ததும், கோவில்பட்டிக்காரர் ஒருவர் கொடுத்த பெட்டியை மறுநாளே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்று வந்திருப்பது புளியங்குடி எபினேசர். எலுமிச்சம்பழ மண்டி முதலாளி. குழுவில் அவர் காது சொன்னதுதான் தீர்ப்பு. ‘போர்வைக்குள்ள இருந்து பாடுத மாதிரி இருக்கு’ என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த ஆளிடம் அப்புறம் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். இந்த வேலையும் கெட்டுப்போனால் எல்லாவற்றையும் மூட்டைகட்டிவிட்டு பி.எட். சேருவதாக அப்பாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள் அபிஷா.

“தெருப்பக்கத்து ஜன்னலத் திறந்து வைங்க தம்பி. புழுங்குது.”

பிரின்ஸ் திறந்தான். பாட்டைப் போட்டான். தவில் அதிர்ந்து அடங்க, நாதஸ்வரம் எழுந்தது. எபினேசர் கண்ணை மூடவில்லை, தலையை ஆட்டவில்லை. செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தார். குழுவில் இப்போதே எழுதுகிறார்போல என்று அபிஷாவுக்குத் தோன்றியது.

“வால்வு ஹீட்டருக்கு ஏ.சி. கரண்டா, டி.சி.யா?” என்றார் திடீரென்று.

அபிஷாவின் விரல்கள் ஓடின. பிரின்ஸ் தன் மடியிலிருந்த போனை ஓரக்கண்ணால் பார்த்தான். “டி.சி.யா மாத்தியாச்சு அண்ணாச்சி. அதான் அந்த உம்முங்கிற இரைச்சல் இல்ல.”

“வால்வுக்கு அடுத்தாப்புல என்ன கப்பாசிட்டர்?”

“இருபத்திரெண்டு மைக்ரோஃபாரட்.”

அபிஷா உதட்டைக் கடித்தாள். அவள் அனுப்பியது 2.2. அண்ணன் புள்ளியை விழுங்கிவிட்டான்.

எபினேசரோ, “நல்லது, நல்லது” என்றார். போனில் தட்டினார். கால் நிமிடம் கழித்து அவர் முகம் மாறியது.

“இருபத்திரெண்டா? அது சொம்புத் தண்டிக்கு இருக்குமே. இந்தப் பெட்டிக்குள்ள எப்படிவே அடங்கும்?”

தம்பி போய் ‘வே’ வந்துவிட்டது. முதலில் ஆமாம் போட்டுப் பேசவிட்டு, அப்புறம் மடக்குகிற ஆள் என்று நினைத்துக்கொண்டாள் அபிஷா.

“ரெண்டு புள்ளி ரெண்டு அண்ணாச்சி. நாக்கு பெரண்டுட்டு.”

“மண்டில நாக்கு பெரண்டா மூட்டையே கைமாறிரும். பாத்துப் பேசும்.” மறுபடியும் போனைப் பார்த்தார். “பழைய வால்வு ரெண்டும் எங்க? இப்பவே மாத்திப் போடும். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேக்கணும்.”

“இப்பவேயா?”

“நீருதானவே மாத்துனீரு? மாத்தும்.”

முதல்ல ஸ்விட்ச அணை, அஞ்சு நிமிசம் விடு. அபிஷா தட்டி அனுப்பினாள். ஆனால் பிரின்ஸ் எழுந்துவிட்டான். அவன் போன் நாற்காலியில் கவிழ்ந்து கிடந்தது. பெட்டியின் மூடியைக் கழற்றினான். வால்வுகள் உள்ளே செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருந்தன. அவற்றைச் சுற்றி இருநூறு வோல்ட். அவன் விரல்கள் உள்ளே இறங்கின.

“தொடாதண்ணே! கரண்டு இருக்கு!”

ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கினாள். நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. “இன்னும் கைய வைக்காத. பிடுங்குனாலும் கப்பாசிட்டர்ல கரண்டு நிக்கும்.”

எபினேசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “இது யாரு?”

“தங்கச்சி…” பிரின்ஸ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அபிஷா பிளக்கைக் கீழே வைத்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எல்லாம் நான்தான் மாத்துனேன் அண்ணாச்சி. இவ்வளவு நேரமும் அண்ணனுக்கு உள்ள இருந்து பதில் அனுப்புனதும் நான்தான். பொம்பளைன்னா யாரும் பெட்டி தர மாட்டேங்காங்க. அண்ணன ஒண்ணும் சொல்லிராதீங்க. வேண்டாம்னா பெட்டிய எடுத்துட்டுப் போயிருங்க.”

எபினேசர் அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். எழுந்து வாசலுக்கு நடந்தார்.

முடிந்தது என்று நினைத்தாள் அபிஷா. பி.எட். விண்ணப்பத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

வாசற்படியில் நின்று, ஜன்னலையொட்டித் தெருவில் நிறுத்தியிருந்த காரைப் பார்த்து எபினேசர் சத்தம் போட்டார்.

“ஏட்டி ஞானம், இறங்கி உள்ள வா! மூணு வருசமா எம் பேர்ல நீ குழுவுல எழுதுனதும் போதும், கார்ல உக்காந்து எனக்குக் கேள்வி அனுப்புனதும் போதும். இவ்வளவு நேரமும் உனக்குப் பதில் சொன்னதும் உன்ன மாதிரி ஒரு பொம்பளப்பிள்ளதான்!”