ராக்கெட்டுக்கு ஒரு மேசை

“பொண்ணுங்க நாள்ல சக்கர நாற்காலிக்கு இடம் பத்தாதும்மா. வியாழக்கிழமை வா.”

இளைஞர் மையத்தின் வாசலில், டேபிள் டென்னிஸ் கோச் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதை அக்கா தன் காதாலேயே கேட்டாள்.

அக்கா என்றால் யாருக்கும் கூடப் பிறந்தவள் அல்ல. மையத்தில் வேலை பார்ப்பவள். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளம் போடும் மேனேஜருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள்.

திருப்பி அனுப்பப்பட்டவளுக்கு வயது பதினாலு இருக்கும். நாற்காலியை அவள் ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து அவள் தெருவே வைத்த பெயர் ராக்கெட். அக்கா மூச்சிரைக்க ஓடித்தான் அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

விசாரித்தால் விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை பெண்களுக்கான நாள். மேசைகளை நெருக்கிப் போட்டிருப்பதால் நாற்காலி நுழையாதாம். வியாழக்கிழமை மாற்றுத்திறனாளிகளுக்கான நாள். வருகிறவர்கள் அத்தனை பேரும் வளர்ந்த ஆண்கள். அங்கே அனுப்ப அவள் அப்பாவுக்கு மனமில்லை.

“அப்ப நான் எந்தக் கிழமைதான்க்கா வர்றது?”

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம்தான் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சொல்லிக் கொடுத்தது என்னவோ எளிய சங்கதி. பெண் என்பதால் வரும் தடையும், நடக்க முடியாததால் வரும் தடையும் ஒரே ஆள் மேல் விழும்போது, அந்த ஆள் இரண்டு கணக்கிலும் சேராமல் நடுவில் விழுந்துவிடுகிறாள். பயிற்சியில் அதைப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அந்தப் படமே இப்போது மடியில் மட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தது.

மறுநாள் கூட்டத்தில் அக்கா போட்ட போட்டில் மேனேஜர் டீயை எடுத்துக் குடிக்கவும் மறந்து போனார்.

கோச் முதலில் மழுப்பிப் பார்த்தார். தனக்கு யார் மேலும் பாரபட்சம் கிடையாது, அந்தப் பொண்ணு தன் தங்கச்சி மாதிரி, நெரிசலில் அடிகிடி பட்டால் யார் பதில் சொல்வது என்றார்.

“உங்க தங்கச்சியா இருந்தா வாசலோட திருப்பி அனுப்பியிருப்பீங்களா?”

மேனேஜர் சமாதானத்துக்கு வந்தார். “அந்த மாதிரிப் பொண்ணுங்க இந்த வட்டாரத்துல எத்தனை பேரும்மா இருக்காங்க? இவ ஒருத்திதானே?”

“ஒருத்தின்னா விட்டுடலாமா சார்?”

கோச்தான் இறங்கி வந்தார். “சரி, விடும்மா. ஒரு மேசையைக் கொஞ்சம் ஓரமா நகர்த்திப் போட்டுடறேன். செவ்வாய்க்கிழமையே வரட்டும்.”

அக்கா எழுந்தே விட்டாள்.

“ஓரமாவா? ஓரத்துல உட்கார வைக்கிறதுக்குப் பேருதான் சேர்த்துக்கிறதா? பாவம் பார்த்து ஒரு மூலையைக் கிள்ளிக் குடுப்பீங்க, அதை அவ தலையைக் குனிஞ்சு வாங்கிக்கணுமா? அவளுக்குன்னு நேரம் வேணும். அவளுக்குன்னு இடம் வேணும். முழுசா வேணும்.”

ஆளை விட்டால் போதும் என்று மேனேஜர் ஒத்துக்கொண்டார்.

அக்கா அதோடு விட்டாளா? ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, வாசல் படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போட வைத்தாள். முட்டி இடிக்காத புது மேசையை வரவழைத்தாள். விஷயம் பயிற்சி கொடுத்த அம்மாள் காதுக்குப் போய், அடுத்த பயிற்சியில் இதையே உதாரணமாகச் சொல்லப்போவதாக போன் பண்ணினார். கோச் எதிரே வந்தால் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த வேலையெல்லாம் முடிகிறவரை, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ராக்கெட் வந்து ஜன்னலுக்கு வெளியே நாற்காலியை நிறுத்திக்கொள்வாள். உள்ளே பெண்கள் மாறி மாறி ஆடுவதையும், தோற்றவளைக் கிண்டல் பண்ணுவதையும் பார்த்து அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

“கொஞ்சம் பொறுத்துக்கடா. உனக்கு இதைவிடப் பெருசா வருது” என்று அக்கா அவள் தோளைத் தட்டிவிட்டுப் போவாள்.

வந்தது. ‘மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கான நேரம்’ என்று கதவில் பளிச்சென்று பலகை. சனிக்கிழமை சாயங்காலம். மற்ற மேசைகளையெல்லாம் மடக்கிச் சுவரோடு சாய்த்திருந்தார்கள். கூடத்தின் நட்ட நடுவில் புது மேசை. மேனேஜர் வந்திருந்தார், பயிற்சி அம்மாள் வந்திருந்தார், படம் எடுக்க ஒருவர். கோச்சை மட்டும் அக்கா கூப்பிடவில்லை.

ராக்கெட் படிய வாரிய தலையோடு ஒரே வீச்சில் சாய்தளம் ஏறி வந்தாள். காலிக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்து முடிந்ததும் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

ராக்கெட் மேசைக்கு வந்து பந்தைத் தட்டிப் பார்த்தாள். வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். அப்புறம், ஆசை குறையாத முகத்தோடு கேட்டாள்.

“மத்தவங்கல்லாம் எப்பக்கா வருவாங்க?”