எது இடது?

தரையில் நின்று குஞ்சுகளுக்குப் பறக்கும் பாடம் சொல்வது கொக்கு. கிளையை ஆட்டி ஆட்டிக் காற்றுக்குப் பழக்குவது கரிச்சான். "கிளை ஆட்டுறதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கொக்கு இளக்காரமாகக் கேட்கும்.

ஒருநாள் அந்தக் கூத்தையும் பார்க்கலாமென்று போனது. கிளையில் குஞ்சுகளுக்குப் பின்னால் உட்கார்ந்த கரிச்சான், "இடது சிறகைத் தாழ்த்துங்க" என்று கிளையை உலுக்கியது. குஞ்சுகள் எல்லாம் வலதைத் தாழ்த்தி, கீழே பரப்பியிருந்த வைக்கோலில் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"இதுதான் இடதுன்னு யார் சொன்னது?" என்று கேட்டது கரிச்சான்.

"கொக்கு சார்தான். எங்களுக்கு எதிரே நின்னு இந்தப் பக்கம்தான் தாழ்த்திக் காட்டினார்."

கரிச்சான் கொக்கின் பக்கம் திரும்பாமல் வைக்கோலைச் சரிசெய்தது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கொக்குக்கு.

மறுநாள் கொக்கு குஞ்சுகளுக்கு முதுகைக் காட்டி நின்று பாடம் எடுத்தது. பாடத்துக்கு அதுதான் சரி. முகத்துக்கும் அதுதான் வசதி.