பதினேழாவது பத்தி

‘சுட்ட கையைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள்.’ நான் எழுதிய கட்டுரை மொத்தமே இவ்வளவுதான். இணையதள ஆசிரியர் ஜெரால்டு சார் திருப்பி அனுப்பிவிட்டார். “ரெண்டாயிரம் வார்த்தை இருந்தாத்தான் தேடுறப்போ மேல வரும் தம்பி. இழுங்க.” இழுத்தேன். ஆதிமனிதன் நெருப்பைக் கண்டுபிடித்ததில் தொடங்கி, தோலின் அருமை பெருமைகளைப் பாடி, பற்பசை தடவலாமா என்று நானே கேட்டு, நானே மூன்று பத்தி யோசித்து, கடைசியில் பதினேழாவது பத்தியில்தான் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தேடலில் முதலிடம். கேசரி கிண்டித் தனியாகக் கொண்டாடினேன். நேற்றுக் காலை தங்கை சுகிர்தா அழுதுகொண்டே அழைத்தாள். “அண்ணே, பாப்பா கையில கொதிக்கிற கஞ்சி கொட்டிட்டு. போன்ல தேடிப் பாத்தா, எவனோ ஒரு பாவி ஆதிமனுசன் கதை சொல்லிட்டிருக்கான். தள்ளத் தள்ளப் போய்க்கிட்டே இருக்கு, என்ன செய்யணும்னு சொல்லவே மாட்டேங்கான்!” “குழாயைத் திற, கையை அதுல காட்டு” என்று கத்தினேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. குழந்தையின் அழுகை தணியும்வரை அவள் அந்தப் பாவியைத் திட்டினாள். நானும் சேர்ந்து திட்டினேன். மாலையில் ஜெரால்டு சாரிடமிருந்து செய்தி வந்தது. “காலையில யாரோ நம்ம தீக்காயக் கட்டுரைல நாலு நிமிசம் இருந்திருக்காங்க. பிரமாதம் தம்பி! அடுத்தது பாம்புக்கடி. மூவாயிரம் வார்த்தை.” ‘உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று முதல் வரியிலேயே தட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு வார்த்தைகள் இருக்கின்றன.